ஐந்தாவது மவுஸ்

"இதுல சத்தமே வராது மேடம்," என்றார் விற்பனையாளர், ஏதோ தானே செய்தது மாதிரி பெருமையாக.

"அப்ப வேண்டாம்," என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். கடையிலேயே உயர்ந்த ரகம் அது. வயர் கிடையாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு மாதம் ஓடும், உள்ளங்கைக்குள் பூனைக்குட்டி மாதிரி சுருண்டுகொள்ளும்.

வயர் வைத்த மவுஸும் வேண்டாமாம். வயர் மேசையில் உரசும், அந்தச் சத்தம் ஆகாதாம். ஆனால் அழுத்தும் சத்தம் மட்டும் கணீரென்று கேட்க வேண்டுமாம்.

அவள் ஒன்றும் வம்புக்கு வரவில்லை. படத்தொகுப்பு அவள் தொழில். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மவுஸைப் பிடித்த மணிக்கட்டு, மட்டமான சரக்கைத் தொட்டாலே சுள்ளென்று வலிக்கும். நல்ல சரக்கோ, ஒன்று பாக்கியில்லாமல் ஊமையாக இருந்தது.

கடை வாசலை ஒட்டி ஒரு நாற்காலி. மனைவியோடு வந்து மாட்டிக்கொண்ட கணவர்களுக்கென்றே போட்டது. அதில் அவள் கணவர் கவுண்டருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

அவரும் படத்தொகுப்பாளர்தான். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், கூடவே தினமும் திட்டுகிறவர். எட்டு மாதமாகத் தொழிலும் இல்லை, திட்டும் இல்லை. இன்று காலைதான், "சரி, ஒரு படம் பண்ணிப் பாப்போம்," என்றிருந்தார். அந்த மனசு மாறுவதற்குள் சரியான மவுஸ் கிடைத்தாக வேண்டும்.

வீட்டில் இருப்பதும் சத்தமில்லாத மவுஸ்தான். அவர் பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது, தான் மட்டும் வேலை பார்க்கும் சத்தம் அவர் காதில் விழ வேண்டாமே என்று தேடித் தேடி வாங்கியது. போன வாரம் அவராகவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தே நிமிடம். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். தன் தப்பு என்ன என்று புரிய அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதல் மவுஸை அழுத்தினாள். நாற்காலியில் அசைவில்லை.

இரண்டு, மூன்று, நான்கு. அப்போதும் இல்லை.

விற்பனையாளர் பெருமூச்சு விட்டுவிட்டு, அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தார். போன வருடத்து மாடல். கைக்குப் பாந்தமாகத்தான் இருந்தது.

டக்.

நாற்காலியில் இருந்தவர் தலை நிமிர்ந்தது.

"வெட்டு!" என்றார், திரும்பாமலே.

டக்.

"ரெண்டு ஃபிரேம் லேட்டு. நான் திட்டாம விட்ட எட்டு மாசத்துல கை துருப்பிடிச்சுப் போச்சா உனக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி திட்டு வாங்குவது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

அவர் மடியில் கிடந்த வெள்ளைக் கோலை நீட்டி ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

திரையில் ஓடுவதை அவள் சொல்ல வேண்டும், வெட்டும் நொடியை அவர் சொல்வார். இனி அதுதான் ஏற்பாடு. வெட்டு விழுந்ததா இல்லையா என்று அவர் காதுக்குத் தெரிய வேண்டாமா?

விற்பனையாளர் பதறி, கைப்பிடித்து அழைத்து வர ஓடப் பார்த்தார். அவள் கண்ணாலேயே தடுத்துவிட்டு, மவுஸை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

டக். டக். டக்.

கடை நிறைய அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைக்கூட இடிக்காமல், அவர் நேரே அவளிடம் வந்து சேர்ந்தார்.