திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்த வேலை

ஊரடங்கு வந்ததும் வாசல் கதவிலிருந்த திண்டுக்கல் பூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்கள். எல்லோரும் வீட்டிலேயே இருக்கும்போது பூட்டு எதற்கு?

பூட்டு, கதவின் தாழ்ப்பாளிடம் புலம்பியது. "ஊரையே பூட்டிட்டு என்னை மட்டும் கழட்டிட்டாங்களே தம்பி!"

"ஊர்ல இப்போ திருட்டே இல்லைன்னு டிவியில சொன்னாங்க. நிம்மதியா தூங்குங்க அண்ணே," என்றது தாழ்ப்பாள்.

அந்த வாரமே வீட்டுக்குள் திருட்டு ஆரம்பித்தது. அலமாரியிலிருந்த முறுக்கு தினமும் குறைந்தது. அப்பா பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார். பிள்ளைகள் அப்பாவைக் கைகாட்டினார்கள். கடுப்பான அம்மா வேதவல்லி அலமாரியில் அந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி ஒரு முறுக்கு போகட்டும், பார்க்கலாம்!"

மதியம் வீடெங்கும் குறட்டைச் சத்தம். சத்தமில்லாமல் சாவி திரும்பியது. பிறகு ஒரு 'நறுக்'.

"அண்ணே, யாரு? திருடனா?" என்று வாசலிலிருந்து கத்தியது தாழ்ப்பாள்.

"கத்தாதே தம்பி," என்றது பூட்டு. "முதலாளியம்மா சாப்பிடுறாங்க."