நிற்காத கிடார்

"முதல்முதலா கிடாருக்கு லூப்பர் வாங்கறீங்க. ஒத்தைப் பெடலா, ரெண்டு பெடலாங்க?" சேலத்துக் கடைக்காரர் போனில் கேட்டார்.

"ஒத்தையே போதுங்க. ஒருக்கா வாசிச்சா, நான் மிதிச்சு நிறுத்தற வரைக்கும் அதுவே திரும்பத் திரும்ப வாசிக்கணும்," என்றான் பூபதி.

மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்த மனைவி கலைமணி, இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு கிடந்தாள். அவன் கிடார் வாசித்தால் கண்மூடுவாள், நிறுத்தினால் விழித்துவிடுவாள். டீ குடிக்கக்கூட அவனால் வெளியே போக முடியவில்லை.

லூப்பர் வந்தது. மழை தூறுவதுபோல் வாசித்து, பெடலை மிதித்தான். கலைமணி கண்மூடியதும் நழுவினான்.

செம்மேட்டு டீக்கடையிலிருந்து சுடச்சுட வடையோடு திரும்பியபோதும் அதே கிடார் மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மொதல்ல அதை நிறுத்துங்க சாமி! எந்திரிச்சு மிதிக்க எனக்குக் காலா இருக்குது?"

பதறிப்போய் மிதித்தான்.

"உனக்குத்தான் கிடார்னா உசுராச்சே புள்ள?"

"எனக்கா? என்னைப் பார்த்துப் பார்த்து நீங்க வாடிப் போனீங்க. வாசிக்கறப்பத்தான் உங்க மொகம் தெளியுது. அதான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன், நிறுத்தினா முழிச்சுக்குவேன்."

பூபதி வடையைப் பிட்டுக் கொடுத்தான்.

பாதி வடை கையிலிருக்க, அன்றுதான் கலைமணி நிஜமாகவே தூங்கினாள்.