வேலிக்கு அந்தப் பக்கம்

"இதுவரைக்கும் எவ்ளோ போட்டிருக்கே, இன்பா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சமீருல்லா கேட்டார். இன்பராஜுக்குச் சுருக்கென்றது. இது இன்று நேற்றுக் கேட்கும் கேள்வியல்ல. பன்றிப் பண்ணைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்தே, தொழுகை முடிந்து வரும் வழியில் வேலியோரம் நிற்பதும், செலவை ஒவ்வொன்றாகக் கிளறுவதும் பாய்க்கு வழக்கமாகிவிட்டது.

இருவரும் ராணிப்பேட்டையில் ஒரே டேனரியில், ஒரே ஷிஃப்டில் தோலோடு மல்லுக்கட்டியவர்கள். டேனரியை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் சமீருல்லா பழைய இரும்புக் கடை வைத்தார். இன்பராஜ் தன் பங்கை அப்பன் விட்டுப்போன இந்த நிலத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறான். இது நின்றுபோனால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"கொட்டாய்க்கே ரெண்டரை லட்சம் தாண்டிடுச்சு பாய். போர் ரெண்டு தடவ போட்டேன். மொத தடவ வந்தது வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணி."

"தீவனம்?"

கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் மிச்சச் சோறு பேசி வைத்திருப்பதையும், அதை அள்ளி வர ஒரு பழைய ஆட்டோ வாங்கியதையும் இன்பராஜ் வேண்டாவெறுப்பாகச் சொன்னான்.

"இன்னும் இன்னா பாக்கி?"

"பன்னிங்கதான். பெண் பத்து, ஆண் ஒண்ணு. வெள்ளிக்கிழமை முன்பணம் குடுக்கணும்."

"அத மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்." பாய் தாடியைத் தடவினார். "ஆமா, ஆள் கூலிக்கு எவ்ளோ வச்சிருக்கே?"

இன்பராஜ் சிரித்துவிட்டான். "ஆள் எதுக்கு பாய்? மெர்சி இருக்கா இல்ல? அவங்க அப்பா ஜோலார்பேட்டைல பன்னி வளத்தவரு. குட்டிங்களோட குட்டியா வளந்தவ. ஷூ கம்பெனிய வுட்டுட்டு வந்துடுன்னு சொல்லிட்டேன்."

சமீருல்லா அவன் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அந்தப் பார்வைதான் இன்பராஜை அரித்தது. பன்றி என்ற பெயரைக்கூட வாயால் சொல்லாதவர், 'அதுங்க' என்றுதான் சொல்வார். அவருக்கு எதற்கு இந்தச் செலவுக் கணக்கு? முன்பணத்தை எதற்கு நிறுத்தச் சொல்ல வேண்டும்?

சாப்பிடும்போது மனைவியிடம் கொட்டினான். மெர்சி அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தையல் லைனில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வீட்டிலும் அவள் சட்டென்று கழற்றுவதில்லை.

"பாய் ஏதோ உள்வேலை பாக்கறாரு மெர்சி. ஒன்றிய ஆபீஸ்ல இருந்து வெளிய வந்தாரு, நானே பாத்தேன். என்னப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கினாரு."

"இருக்கும்" என்றாள் மெர்சி, தட்டில் குழம்பை ஊற்றியபடி. பிறகு மெதுவாக, "வேற எதனா பண்ணலாமேங்க. இந்த வேலையே வாணாம்னுதான நான் அந்த ஊர வுட்டு வந்தேன்" என்றாள்.

இதை அவள் முன்பும் சொல்லியிருக்கிறாள். இன்பராஜ் முன்பு போலவே, ஒரு ஈற்றுக்கு எத்தனை குட்டி, குட்டிக்கு என்ன விலை என்று ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் சுகாதார ஆய்வாளர். அவர் பின்னாலேயே, கூப்பிட்டு வைத்தது போல, வேலியோரம் சமீருல்லா.

"உங்க பண்ணைக்குப் புகார் வந்திருக்குங்க" என்றார் ஆய்வாளர். "பன்னி வந்தா நாத்தம், கொசு, கழிவுத் தண்ணின்னு ஆயிடும்னு. விசாரணை முடியற வரைக்கும் பன்னி எதையும் இறக்காதீங்க."

இன்பராஜ் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக வேலிக்குப் போனான்.

"திருப்தியா பாய்? தோல் ஊறற ஒரே டிரம்முல கை வுட்டு வேலை செஞ்சவங்க நாம. புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். தோஸ்த்துன்னு கூப்டுக்கினே கழுத்த அறுத்துட்டீங்களே."

சமீருல்லா தலையைக் குனிந்துகொண்டார். அது இன்பராஜின் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"அவர ஏன் திட்றீங்க?" என்றார் ஆய்வாளர். "அவர்கிட்டயும் கையெழுத்து கேட்டாங்களாம், மாட்டேன்னுட்டாரு. 'அவன் மேல மேல பணத்தப் போட்றதுக்குள்ள சீக்கிரம் வந்து பாருங்க சார்'னு ஆபீஸுக்கு வந்து என்னை நச்சரிச்சதும் அவருதான்."

இன்பராஜ் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்போ... புகார் குடுத்தது யாரு?"

"பேரு சட்டுனு வர மாட்டேங்குது. வேலை முடிஞ்சு நேரா ஆபீஸுக்கு வந்த ஒரு அம்மா..."

ரோட்டில் கம்பெனி வேன் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, அவங்களே வர்றாங்க. வாங்க மேடம், உங்க புகாருக்குத்தான் வந்திருக்கேன். இவருதான் பண்ணைக்காரரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

மெர்சி ஜீப்பைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, கடைசியாகக் கணவனைப் பார்த்தாள்.

"தெரியும் சார். ஆள் கூலிக்குன்னு ஒரு பைசா வைக்காம பண்ணை வைக்கிறவரு."