நீலப் புள்ளி

திருடுவது என்று இறங்கிவிட்டவள், போயும் போயும் பொம்மையின் கையையா திருடுவாள்?

கழுகக்காவுக்கு மண்டை குழம்பியது. சுண்டுவின் பையைக் கவிழ்த்ததும் மூடிகூடத் திறக்காத டிபன் பாக்ஸோடு பதினோரு பொம்மைக் கைகள் மேஜைமேல் விழுந்தன. ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் ஒரு நீலப் புள்ளி.

அந்தப் புள்ளி கழுகக்கா வைப்பது. துணிப்பொம்மைப் பட்டறையில் கைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஆறு பெண்கள் தைத்துத் தரும் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருந்தால் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தட்டில் போடுவாள். அப்புறம்தான் அது பொம்மையோடு சேரும். பழுதான கை ஒன்றே ஒன்று கடைக்குப் போனாலும் சோதித்தவளுக்குச் சீட்டுக் கிழியும் என்பது பட்டறைச் சட்டம். பத்தொன்பது வருஷமாக அவளுக்குக் கிழியவில்லை. கழுகு என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சுண்டு, கை தைக்கிறவள். தீக்குச்சிக் கனத்தில் சுண்டுவிரல் தைத்து, நூல் தெறிக்காமல் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பல்குச்சி முனையால் பஞ்சு அடைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெயர் அந்த விரலால் வந்தது.

சந்தேகம் போன வாரமே தட்டியது. பொம்மையோடு கை சேர்க்கிறவள் வந்து, "அக்கா, தட்டுல சில கைக்குப் புள்ளியே இல்லையே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறப்பதாவது! பேனா எப்போதும் கழுகக்காவின் கழுத்தில்தான் கயிறு கட்டித் தொங்கும். கொஞ்ச நாளாகப் பட்டறையில் வெளிச்சம் மட்டம் என்று அவளுக்கு ஒரு புகார் இருந்தது உண்மை. முதலாளியம்மாவும் இரண்டு தடவை பல்பை மாற்றிவிட்டாள். அதற்காகப் புள்ளி வைக்க மறக்குமா?

இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கழுகக்கா பாதியிலேயே எழுந்து வந்தாள். பொம்மைக் கைகள் இருந்த தட்டுக்குள் சுண்டுவின் கை. அடுத்த நொடி பைக்குள்.

"ஏண்டி, இதைக் கொண்டுபோய் அடுப்பா எரிக்கப்போற?"

சுண்டு கவிழ்ந்த பையை எடுத்து நிமிர்த்தினாள்.

"எடுத்ததுகூடப் பரவாயில்ல. எடுத்த எண்ணிக்கைக்குச் சரியா புள்ளியில்லாத வேற கையைத் தைச்சு வெச்சிருக்கியே, அது என்ன கணக்கு? உலகத்துல எந்தத் திருடிடி திருடின இடத்துல புதுசு வெச்சுட்டுப் போவா?"

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் விழித்தாள்.

"நிஜமா சுண்டு?"

"ஆமாம்மா. நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"வீட்டுல... பிள்ளைங்களுக்கு ஒரு பொம்மை செய்யலாம்னு."

கழுகக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உன் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் மீசை முளைச்சாச்சு. அதுவும் ஒரு பொம்மைக்குப் பதினோரு கை! செய்யறது பொம்மையா, பூரானாடி?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சுண்டு சிரிக்கவில்லை.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றாள் முதலாளியம்மா, வருத்தத்தோடு. "கை நீட்டின பிறகு வெச்சிருக்க முடியாதும்மா. நாளையிலேர்ந்து வராதே."

அழுவாள், காலில் விழுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். சுண்டு தலையை ஆட்டிவிட்டு, மேஜைமேல் கிடந்த கைகளை அவசர அவசரமாகப் பைக்குள் அள்ள ஆரம்பித்தாள்.

"அதை வெச்சுட்டுப் போ!"

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை மட்டும் நான் எடுத்துக்கறேனே."

கழுகக்காவுக்கு இப்போது கோபம் போய்ப் பயமே வந்துவிட்டது. இவளுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? வேலை போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. துண்டுத் துணிக்கும் பஞ்சுக்கும் இந்தக் கெஞ்சலா?

"அப்படி என்னடி இருக்கு இதுல?" என்று ஒரு கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, வேணாம்க்கா... குடுத்துடுங்க."

சுண்டுவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கழுகக்கா கையைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். தன்னையறியாமல் விரலால் தடவினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்... அதற்கடுத்து ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை. நடுவில் தையல் விட்டுப்போய் இரண்டு விரல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தது.

இன்னொன்றை எடுத்துத் தடவினாள். விரலிடுக்கில் தையல் பிரிந்து பஞ்சு தட்டுப்பட்டது. மூன்றாவதில் கட்டைவிரலே மொட்டை.

மணிக்கட்டில் புள்ளி மட்டும் பெரிதாக, நீலமாக, நன்றாகத் தெரிந்தது.

"என்னக்கா, என்ன பார்க்கறீங்க?" முதலாளியம்மா கையை நீட்டினாள்.

"ஒண்ணுமில்லம்மா! நான்தான் திருடினேன்னு சொல்லிட்டேனே!" என்று சுண்டு குறுக்கே வந்து நின்றாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கழுகக்கா அவளை ஒதுக்கிவிட்டுப் பதினோரு கைகளையும் முதலாளியம்மாவின் முன்னால் தள்ளினாள். கழுத்திலிருந்த பேனாக் கயிற்றைக் கழற்றிச் சுண்டுவின் கழுத்தில் போட்டாள்.

"பழுதான கை எத்தனையோ என்னைத் தாண்டிப் போயிருக்கும்மா. இவளைத் தாண்டித்தான் ஒண்ணுகூடப் போகல."