வெள்ளி பெயிண்ட்

பாய்லரின் விரிசல்மேல் வெள்ளி பெயிண்டை அவசர அவசரமாக அப்பிக்கொண்டிருந்தார் லாண்டரி முதலாளி. பத்து மணிக்கு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து.

"வேணாம் முதலாளி. இனிமே இதுல நீராவி ஏத்தினா வெடிச்சிடும்" என்றார் பாய்லர்க்காரர்.

"தெரியும்யா. அதான் விஷயம் வெளிய போறதுக்குள்ள யார் தலையிலயாவது கட்டிடறேன்."

"வாங்குறவங்களும் மனுஷங்கதானே?"

"அது அவங்க பாடு. நீ வாயைத் திறந்தே, தொலைஞ்சே!"

பத்து மணிக்குத் தரகர் மட்டும் வந்தார். ஏதோ புதுக் கம்பெனி பெயரில் பத்திரம். யார், எவர் என்று முதலாளி கேட்கவே இல்லை. பணம் வந்ததும் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, திட்டக் கூடாது. நீங்க வளர்த்த லாண்டரி வெளியாளுக்குப் போறதை எங்களால பார்க்க முடியலை. எங்க வீட்டை வித்து, அந்தக் கம்பெனி பேர்ல வாங்கினது நாங்கதான்!"

"இப்ப... எங்கம்மா இருக்கே?"

"பாய்லர் ரூம்லதான். பளபளன்னு புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே! உங்க பேத்தி கையாலதான் சுவிட்ச் போட்டோம். மீட்டர் முள்ளு விறுவிறுன்னு ஏறுதுப்பா!"