நாலு நாள் லீவு

துறைமுகத்து ஊழியர்களுக்கெல்லாம் தயங்காமல் பேசப் பயிற்சி கொடுப்பவன் துவாரகன். அவனிடம் ஒருநாளும் பாடம் கேட்காத மனைவி பூரணி, அன்று தானாக வந்து நின்றாள்.

"நாலு நாள் லீவு கேட்க வேணும். கதைக்கப் போனால் நடுங்குது."

அவனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கதிரையில் சாய்ந்து முகத்தை இறுக்கிக்கொண்டான். "நான்தான் மனேஜர். என்ர கண்ணைப் பார்த்துக் கேளும். கேட்டபிறகு பேசாமல் நில்லும். முதல்ல வாய் திறக்கிற ஆள்தான் தோற்கும்."

பூரணி அப்படியே கேட்டாள்.

"லீவோ? உம்மட வேலையை ஆர் பார்க்கிறது?"

"பக்கத்தில இருக்கிறவர் பார்ப்பார். பழகினால் வந்திடும்."

"ஏலாது எண்டால்?"

அவள் கண்ணை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் துவாரகனாலேயே தாங்க முடியவில்லை.

"சரி சரி, தந்தாச்சு! சந்தோசமாப் போயிட்டு வாரும்!" என்று கைதட்டினான். "இதை அப்பிடியே நாளைக்கு ஒஃபிசில கேளும்."

"ஒஃபிசில போன கிழமையே தந்திட்டினம். வீட்டிலதான் கிடைக்காமல் இருந்தது." பூரணி கதவுக்குப் பின்னாலிருந்து உடுப்புப் பையை எடுத்தாள். "குச்சவெளி பஸ் வரப்போகுது. அம்மா பார்த்துக்கொண்டிருப்பா."

"அப்ப சமையல்?"

அகப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"பழகினால் வந்திடும்."