சகாயமேரி கேட்டது

கேட்டு விடை எழுதும் ஆங்கிலத் தேர்வுக்காக ஒலிபெருக்கியில் ஒரு கதை இரண்டு முறை ஓடி நின்றது. ஊரைவிட்டுப் போகிற ஒருவன் தன் கிழட்டு நாயைப் பேருந்து நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வியில் இருந்த சொற்களையே முன்னே பின்னே மாற்றிப் போட்டு விடைத்தாளை நிரப்பினார்கள். சகாயமேரி மட்டும் எதுவும் எழுதாமல் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கில ஆசிரியை தமயந்தி அந்த வெற்றுத்தாளை, தேர்வைப் பார்வையிட வந்த அதிகாரியிடம் எடுத்துப்போனாள்.

"கதை புரிஞ்சுதான் சார் அழுவுறா. இங்கிலீஷ்ல எழுதத்தான் வரல. இது கேக்குற பரீட்சைதானே?"

"அழுகைக்கு எப்படி டீச்சர் மார்க் போடுறது? சைபர் போடுங்க."

எழுதிய மற்றவர்களுக்கெல்லாம் பத்துக்கு நான்கு, ஐந்து என்று போட்டாகிவிட்டது. அவர்களில் பலருக்குக் கதையில் என்ன நடந்தது என்றே தெரியாது. அதிகாரி நகராமல் நின்றார். தமயந்தி தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திச் சைபரைப் போட்டாள்.

சகாயமேரி மேசையருகே வந்தாள். மதிப்பெண்ணை அவள் பார்க்கவே இல்லை.

"டீச்சர், அந்த நாய் அப்புறம் என்னாச்சு?"